இருதய ஸ்கேன்: கதிர்வீச்சுக்கும் ரசீது உண்டு

அதிகாலையில் கோயம்பேடு அல்லது கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பகல் முழுவதும் கல்லா, இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு, இடையில் கணக்கில்லாமல் டீ. இதுதான் நம்மில் பெரும்பாலோரின் நாள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கத்து மளிகை வியாபாரிகளில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் கூடினால் பருப்பு விலைக்கு அடுத்த பேச்சு சர்க்கரை, பிரஷர், ஆஞ்சியோ என்றுதான் போகிறது. அண்மைக் காலமாக இந்தப் பேச்சில் 'சி.டி. ஆஞ்சியோ'வும் சேர்ந்திருக்கிறது. "கையிலே குழாய் விட வேண்டாம், படுக்க வேண்டாம், அரை நாளில் முடிந்துவிடும்" என்று சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள்.

எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நல்ல சோதனைதான். ஆனால் அந்த அரை நாளில் நம் உடம்புக்குள் போகும் கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு ரூபாய் தீப்பெட்டிக்கும் விலை பார்த்து வாங்குகிற நாம், இதை மட்டும் பார்ப்பதில்லை. பார்க்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. இதில் முக்கியமான செய்தி, ஒரே சோதனைக்கு ஓர் இடத்தில் கொடுக்கப்படும் அளவு வேறோர் இடத்தில் கொடுப்பதைப் போலப் பல மடங்கு இருக்கலாம் என்பதுதான். அதைக் குறைப்பதில் டாக்டருக்கும் டெக்னீஷியனுக்கும் பங்கு இருப்பது போல நமக்கும் ஒரு பங்கு உண்டு.

சி.டி. என்பது சுற்றிச் சுற்றி எடுக்கும் எக்ஸ்ரே. லண்டனில் 1971-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக இப்படிப் படம் பிடித்தார்கள். கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எஞ்சினீயர் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தலை அசையாமல் இருக்கும். இருதயம் அப்படி இல்லை. துடிக்கிற இருதயத்தின் மேல் ஓடும் சில மில்லிமீட்டர் ரத்தக் குழாய்களைத் தெளிவாகப் படம் பிடிக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 64 ஸ்லைஸ் கருவிகள் 2004 வாக்கில் வந்த பிறகே இந்தச் சோதனை ஊர் ஊராகப் பரவியது. கதிர்வீச்சுப் பிரச்சினையும் அதோடு சேர்ந்தே வந்தது.

எவ்வளவு என்றால் எவ்வளவு?

கதிர்வீச்சு என்றதும் தென் சென்னைப் பக்கத்துக்காரர்களுக்குக் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அதையே எடுத்துக்கொள்வோம். அணுமின் நிலையம் போன்ற இடங்களால் பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் சேரக்கூடிய உச்ச வரம்பு 1 மில்லிசீவர்ட். மில்லிசீவர்ட் என்பது கிலோ, லிட்டர் போலக் கதிர்வீச்சுக்கான அளவை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் எல்லோருக்கும் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் வருகிறது என்பது உலக சராசரி. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. கதிர்வீச்சோடு வேலை செய்யும் ஊழியருக்கு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20.

ஆனால் நோயாளிக்கு இப்படி ஓர் உச்ச வரம்பு கிடையாது. இது சட்டத்தின் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. உயிர் காக்கும் சோதனையைப் பாதியில் "கோட்டா தீர்ந்தது" என்று நிறுத்த முடியாதல்லவா? சோதனை தேவையானதாக இருக்க வேண்டும், தேவையான படத்துக்கு எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடுக்க வேண்டும் என்பதே விதி. அந்த 'எவ்வளவு குறைவாக' என்பதை ஒவ்வொரு இடமும் தன் போக்கில் முடிவு செய்வதில்தான் சிக்கல்.

இருதய சி.டி.யில் இது எந்த அளவுக்கு வேறுபடுகிறது என்று பல நாடுகளில் இரண்டு முறை கணக்கெடுத்தார்கள். 2007-ல் 50 மருத்துவமனைகளில் 1,965 நோயாளிகளைப் பார்த்தபோது, நடுவிலுள்ள அளவு சுமார் 12 மில்லிசீவர்ட். கல்பாக்கத்துக்குப் போட்ட ஆண்டு வரம்பைப் போல 12 மடங்கு, ஒரே நாளில். 2017-ல் 32 நாடுகளில் 61 இடங்களில் 4,502 பேரைப் பார்த்தபோது அதே சோதனைக்கு அந்த அளவு 2.7 ஆகக் குறைந்திருந்தது. பத்து ஆண்டில் முக்கால் பங்குக்கு மேல் குறைவு! சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அதே 2017 கணக்கெடுப்பில் மிகக் குறைவாகக் கொடுத்த இடத்துக்கும் மிக அதிகமாகக் கொடுத்த இடத்துக்கும் 37 மடங்கு வித்தியாசம் இருந்தது. ஒரே ரகத் துவரம் பருப்பு ஒரு கடையில் 100 ரூபாய், இன்னொரு கடையில் 3,700 ரூபாய் என்றால் நாம் சும்மா இருப்போமா?

நம் மாநிலத்திலும் ஒரு நல்ல கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. இருதயத்துக்கென்று அல்ல, மார்பு, வயிறு, இடுப்பு ஸ்கேன்களுக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த லிவிங்ஸ்டன், தினகரன் ஆகியோர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிதியுதவியோடு, தமிழ்நாட்டில் இருந்த 127 சி.டி. கருவிகளை நேரில் போய் அளந்தார்கள். இரண்டு ஆண்டு வேலை. 2011-ல் முடிவு வெளியானது. 127-ல் 17 கருவிகள் பழுது பார்த்து மறுபடி விற்கப்பட்டவை. 13 மிகப் பழைய முறைக் கருவிகள். பல ஸ்லைஸ் எடுக்கக்கூடியவை 44 மட்டுமே. மார்பு ஸ்கேனுக்குச் சராசரியாக 8 மில்லிசீவர்ட் என்று கண்டார்கள். இருதயமும் மார்புக்குள்தான் இருக்கிறது. துடிப்பு என்ற தொல்லை அதற்குக் கூடுதல்.

அந்தப் பணியின் பெரிய பயன், 'இந்தச் சோதனைக்கு இவ்வளவுக்குள் இருந்தால் சரி' என்ற மேற்கோள் அளவுகளை நம் மாநிலத்துக்கென்று வகுத்துத் தந்தது. தராசுக்கு முத்திரை மாதிரி. முத்திரை இல்லாத தராசில் எடை சரியா தவறா என்று யார் சொல்வது?

ஆடுகிற முள்ளைப் படிப்பது எப்படி?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பழைய முள் தராசில் தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது எடையைப் படிக்க முடியாது. முள் நிற்கிற கணத்துக்காகக் காத்திருப்போம். இருதயமும் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு கணம் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். படம் அந்தக் கணத்தில்தான் தெளிவாக வரும். அது எப்போது என்று தெரிவதற்காகவே மார்பில் ஈ.சி.ஜி. ஒயர்களை ஒட்டுகிறார்கள்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. துடிப்பின் முழு நேரமும் எக்ஸ்ரேயை எரியவிட்டு, எல்லாவற்றையும் படம் பிடித்து, பிறகு கம்ப்யூட்டரில் அசையாத கணத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது ஒன்று. இதற்கு 'ரெட்ரோஸ்பெக்டிவ்' என்று பெயர். குடோனின் ஒரு மூலையில் இருக்கும் ஒரு மூட்டையைப் பார்க்க, இரவெல்லாம் எல்லா விளக்கையும் எரியவிடுவதற்குச் சமம். அசையாத கணம் வரும்போது மட்டும் எக்ஸ்ரேயைப் போட்டு உடனே அணைத்துவிடுவது இன்னொன்று. இது 'ப்ராஸ்பெக்டிவ்'. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 400 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இந்த இரு முறையிலும் படம் எடுத்தார்கள். முதல் முறையில் சராசரி 11.2 மில்லிசீவர்ட், இரண்டாவதில் 3.5. படத்தின் தரத்தில் குறைவில்லை. பழைய முறையிலேயே, வேண்டாத நேரத்தில் எக்ஸ்ரேயை மங்கலாக்கும் வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஓரளவு மிச்சம்.

அப்படியானால் எல்லோருக்கும் இரண்டாவது முறையிலேயே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் பங்கு வருகிறது. நிமிஷத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. ஓய்வுக் கணம் தாராளமாகக் கிடைக்கும். 90 துடிப்பு என்றால் அந்த ஓய்வு சுருங்கி, எப்போது வரும் எப்போது போகும் என்று கருவிக்குப் பிடிபடாது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் இன்னும் கஷ்டம். படம் கெட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் டெக்னீஷியன் எக்ஸ்ரேயை அதிக நேரம் எரிய விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. படம் குலைந்து மறுபடி எடுத்தால் இரட்டைச் செலவு, இரட்டைக் கதிர்வீச்சு. ஆகவே அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் கீழே துடிப்பைக் கொண்டுவருவதுதான் முதல் சிக்கனம்.

நம்மவர்கள் ஸ்கேனுக்குப் போகிற அழகைப் பார்த்தால் இது புரியும். காலையில் கடை திறந்து, சரக்கு லாரிக்காரரோடு வாக்குவாதம் செய்து, இரண்டு டீ குடித்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வியர்த்துக்கொண்டே ஸ்கேன் சென்டருக்குள் நுழைகிறார்கள். நாடி 95-ல் இருக்காமல் எங்கே இருக்கும்?

சோதனைக்கு முன் 12 மணி நேரம் காபி, டீ கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். தண்ணீர் குடிக்கலாம். அன்று கடையை மகனிடமோ தம்பியிடமோ விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள். தேவைப்பட்டால் துடிப்பைத் தணிக்க 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை தருவார்கள். இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ரத்தக் குழாயை விரிக்க நாக்கடியில் வேறொரு மருந்தும் வைப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை இரண்டு மூன்று நாட்களுக்குள் சாப்பிட்டிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியேட்டினின் சோதனையை முடித்துவிட்டுப் போக வேண்டும். ஊசியில் ஏற்றும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூச்சை நிறுத்தச் சொல்லும்போது அசையாமல் நிறுத்த வேண்டும். வீட்டிலேயே பத்து விநாடி நிறுத்திப் பழகிக்கொண்டு போவது நல்லது.

டெக்னீஷியன் கையில் இருக்கும் வேறு சில விஷயங்களும் உண்டு. எக்ஸ்ரே குழாயின் மின் அழுத்தம் அதில் ஒன்று. பெரிய உடம்பு இல்லாதவருக்கு 120 கிலோவோல்ட்டுக்குப் பதில் 100 வைத்தால் சுமார் 30 சதவீதம் மிச்சம் என்று 2010-ல் நிரூபித்திருக்கிறார்கள். தொப்பை பெருத்தவருக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. மூட்டை பெரிதானால் கூலியும் கூடத்தான் செய்யும். படம் பிடிக்கும் நீளம் இன்னொன்று. இருதயம் மட்டும் வேண்டுமென்றால் கழுத்திலிருந்து வயிறு வரை எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கூடுதல் அங்குலத்துக்கும் கணக்கு ஏறும். குறைந்த எக்ஸ்ரேயிலும் புள்ளி புள்ளியாக இல்லாமல் படத்தைச் சுத்தமாக்கித் தரும் கம்ப்யூட்டர் முறைகள் புதிய கருவிகளில் வந்திருக்கின்றன. இருதயம் முழுவதையும் ஒரே துடிப்பில் பிடித்துவிடும் கருவிகளும் உண்டு. துடிப்பு மெதுவாக இருந்தால் 1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழேயும் முடிக்கிறார்கள். ஆனால் "எங்களிடம் இத்தனை ஸ்லைஸ்" என்ற போர்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல தராசு வாங்கி வைத்திருப்பது வேறு, ஒழுங்காக எடை போடுவது வேறு.

ரசீதைக் கேளுங்கள்

ஒவ்வொரு சி.டி. கருவியும் சோதனை முடிந்ததும் எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தது என்று தானே எழுதி வைக்கிறது. 'டோஸ் ரிப்போர்ட்' என்று கேட்டால் தெரியும். அதில் டி.எல்.பி. என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை 0.014-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். டி.எல்.பி. 195 என்றால் 2.7. 885 என்றால் 12.4. மேலே சொன்ன 2017, 2007 கணக்குகள் இவைதான். இருதயத்துக்கென்று தனியாகக் கணக்கிட்டவர்கள் 0.014 போதாது, 0.026 என்று வைக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எந்தப் பெருக்கலை வைத்தாலும் இரண்டு இடங்களை ஒப்பிட டி.எல்.பி.யே போதும். முன்பதிவு செய்யும்போதே, "சார், உங்களிடம் சி.டி. ஆஞ்சியோவுக்கு வழக்கமாக டி.எல்.பி. எவ்வளவு வரும்? ப்ராஸ்பெக்டிவ் முறையில் எடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்த இடம் கணக்கு வைத்திருக்கும் இடம். கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு இடம் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் சி.டி. கருவியை இயக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தரச் சோதனையும் செய்தாக வேண்டும். நம் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்கிச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுகிறோம். ஸ்கேன் சென்டரிலும் உரிமத்தைப் பார்க்க விரும்புவதாகச் சொல்வதில் தவறொன்றுமில்லை.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

இவ்வளவு சொன்னதால் பயந்துகொண்டு, நெஞ்சு வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. 10 மில்லிசீவர்ட் கிடைத்தால், அதனால் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வர 2,000-ல் ஒரு வாய்ப்பு என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரும் தோராயக் கணக்கு. மறு தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலியோடு வந்த 4,146 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு சி.டி. ஆஞ்சியோவும் சேர்த்தார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு 2018-ல் கணக்குப் பார்த்தபோது, மாரடைப்போ இருதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் சி.டி. எடுத்த பிரிவில் 2.3 சதவீதம், எடுக்காத பிரிவில் 3.9 சதவீதம். நோய் இன்னதென்று தெரிந்ததால் சரியான மருந்து கிடைத்தது. நெஞ்சில் அறிகுறி உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு டாக்டர் இதை எழுதிக் கொடுத்தால் லாபம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. வலி கடுமையாக இருந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஸ்கேன் சென்டருக்கு அல்ல, நேரே ஆஸ்பத்திரிக்கு.

ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குப் 'பேக்கேஜ்' என்ற பெயரில் சி.டி. ஆஞ்சியோ எடுப்பதுதான் கேள்விக்குரியது. சலுகை விலை என்பதற்காகத் தேவையில்லாத சரக்கை யாராவது எடுத்து அடுக்குவோமா? வயது, சர்க்கரை, புகை, குடும்பத்தில் மாரடைப்பு என்று ஓரளவு அபாயம் உள்ளவருக்கு 'கால்சியம் ஸ்கோர்' என்ற எளிய சி.டி. உண்டு. 1990-ல் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க டாக்டரின் பெயரால் வந்த கணக்கு அது. ஊசி வேண்டாம், சாயம் வேண்டாம், கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். அதுவே போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். எக்கோவிலும் டிரெட்மில்லிலும் கதிர்வீச்சே இல்லை. 'தாலியம்' என்று பேச்சு வழக்கில் சொல்லும் ஸ்கேனில் 10 மில்லிசீவர்ட் அளவில் வரும். குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோவிலும் எக்ஸ்ரே உண்டு.

வயது குறையக் குறைய ஜாக்கிரதை கூட வேண்டும். பெண்களுக்கு இன்னும் அதிகம். 64 ஸ்லைஸ் கருவியில் சிக்கனம் எதுவும் செய்யாமல் எடுத்தால், புற்றுநோய் வரும் வாய்ப்பு 80 வயது ஆணுக்கு 3,261-ல் ஒன்று, 20 வயதுப் பெண்ணுக்கு 143-ல் ஒன்று என்று 2007-ல் கணக்கிட்டார்கள். எக்ஸ்ரே மார்பகத்தைக் கடந்துதான் இருதயத்துக்குப் போக வேண்டும் என்பது முக்கியமான காரணம். கடையில் கூடவே நிற்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் மகள்களுக்கும் ஸ்கேன் எழுதினால், வேறு வழி உண்டா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிறுகச் சிறுகச் சேர்வதும் கணக்குத்தான். நம் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம், டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்றது. காசநோய்க்கு மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் சிகிச்சை பல நாடுகளில் நடந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தச் சிகிச்சை பெற்றவர்களை ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே திரைக்கு முன் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு முறை பார்ப்பதில் ஒன்றுமில்லை. பலருக்கு நூறு முறைக்குக் குறையாமல் பார்த்தார்கள். பல பத்தாண்டு கழித்து அந்தப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது தெரிய வந்தது.

இன்று அதே தவறு வேறு வழியில் நடக்கிறது. குரோம்பேட்டையில் எடுத்த ஸ்கேன் சி.டி.யைத் தொலைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து நகரத்துப் பெரிய டாக்டரிடம் போகிறோம். "பழைய படம் இருக்கிறதா?" என்கிறார். இல்லை. மறுபடி எடு. பத்து வருஷத்துக்கு முந்தைய பற்று வரவு ஏட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் கடையில் இது மட்டும் தொலைந்து போகிறது. ரிப்போர்ட், சி.டி., டோஸ் ரிப்போர்ட் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே தேதியும் டி.எல்.பி.யும் எழுதி, கடை லைசென்ஸ் வைக்கும் அதே டிராயரில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஓர் உறை.